வளர விட்ட மடிப்பு

கரண்ட் போய் வெகுநேரம் ஆகியும் வீட்டுக்குள் அலை அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் ஞானசுந்தரிக்கு அது உறைக்கவே இல்லை. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அலை அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டையைப் போல அது காதில் விழுந்தும் விழாமல் போய்விடும். அவள் சமையலறையில் அரிக்கேன் விளக்கைத் துடைத்துத் திரியை ஏற்றிக்கொண்டிருந்தாள். வெளியே பொழுது சாய்வதற்கு முன்பே பனிமூட்டம் இறங்கி, சில்வர் ஓக் மரங்களையும் எதிரே காப்பிப் பழம் தோலுரிக்கிற பல்பர் ஷெட்டையும் விழுங்கிவிட்டு, சன்னல் கம்பிகளுக்கு இடையே உள்ளே வரப் பார்த்தது. ஊறிய காப்பித் தோலின் புளித்த வாடை, அதற்கடியில் கடல் வாடை. கூடத்தில் தண்ணீர் தொபீரென்று விழுந்தது, கல்லில் மோதியது, சலசலத்துக்கொண்டே பின்வாங்கியது. விளக்குக் கண்ணாடியை மாட்டும்போதுதான் அவள் கை நின்றது.

மோட்டார் ஓடவில்லையே.

ஏற்காட்டில் கடல் வைத்திருந்த ஒரே வீடு அது. ஒண்டிக்கடை முக்கில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள், சிரித்துக்கொண்டுதான்; ஆனால் அவள் புருஷன் தேவசிகாமணியின் முகத்துக்கு நேரே யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர் எஸ்டேட்டில் பம்ப் மெக்கானிக். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஆள் நீளத்துக்கு மேல் நீளமாக ஒரு தொட்டி கட்டினார். இரண்டு பக்கமும் கெட்டிக் கண்ணாடி; கூடத்தில் நின்றால் தண்ணீர் வழியாகப் பின்னறை தெரியும், பின்னறையில் நின்றால் கூடம் தெரியும். எஸ்டேட் பங்களாவில் கழற்றிப் போட்ட பழைய பீங்கான் ஃபிளஷ் டேங்க் ஒன்றைக் கொண்டுவந்து பரண்மேல் ஏற்றினார். அது நிரம்பியதும் தானாகவே கவிழ்த்துக் கொட்டும்படி உள்ளே குழாயை வளைத்து வைத்தார். அப்படிக் கொட்டும் தண்ணீர்தான் அலை. தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழிவது குழாய் வழியாகப் பின்னறைக் கட்டிலுக்கு அடியில் ஓடி, வீட்டுக்குக் கீழே காப்பிக்கொட்டை ஊறவைக்கிற பழைய சிமெண்டுத் தொட்டியில் இறங்கும். அங்கிருந்து மோட்டார் அதைத் திரும்பப் பரணுக்கு ஏற்றும். மோட்டார் நின்றால் அலையும் நின்றாகவேண்டும். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற சங்கதி.

பின்னறை அவர்கள் மகள் இன்பமேரியின் அறை. கட்டில் அங்கேதான் இன்னும் கிடக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மே மாத லீவில் ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் கட்டிக்கொடுத்த நாத்தனார் வீட்டுக்கு, அவள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போயிருந்தார்கள். ஏற்காட்டு ஏரியைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்திராத எட்டு வயசுக்காரி, கணுக்கால் நனைய நின்று கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு அலை வந்தது. போனது. அவ்வளவுதான். படகெல்லாம் போய்த் தேடின. கடல் வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும் என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். கடல் கொடுக்கவில்லை. பெற்றவர்கள் வெறுங்கையோடு மலை ஏறினார்கள்.

உடம்பு கிடைக்காத பிள்ளைக்குக் கல்லறை கிடையாது. அதுதான் ஞானசுந்தரியைத் தின்றது. நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வந்தால் ஊரில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் சுண்ணாம்பு வாளியும் செவ்வந்திப் பூவுமாகக் கிளம்பிப் போகும். சாயங்காலம் கல்லறை மேட்டில் மெழுகுவத்தி வெளிச்சமாகத் தெரியும். அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அழுவதற்குக்கூட ஒரு மண்மேடு வேண்டும். அது இல்லாதவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வெறும் சிலுவை ஒன்றை நட்டுக்கொள்ளலாம் என்று ஃபாதர் சொன்னபோது தேவசிகாமணி ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

"குழிக்குள்ள என்ன இருக்குதுன்னு சிலுவை நடறது புள்ள? அவ எங்க இருக்கறாளோ அதை நான் இங்க கொண்டாரன்."

கொண்டுவந்தார். எஸ்டேட் வேனில், பிளாஸ்டிக் கேன்களில், அதே கரையின் தண்ணீரை. நாத்தனாரின் புருஷன் படகில் போய் அடியிலிருந்து உயிரோடு பெயர்த்துக் கொடுத்த பவளப்பாறைத் துண்டுகளை, அந்த முருகைக்கற்களை, ஈரச் சாக்கில் சுற்றி, வழியெல்லாம் உப்புத்தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். முதலில் விட்ட மீனெல்லாம் சிமெண்டுக் காரத்தில் செத்து மிதந்தது. அவர் சளைக்கவில்லை. ஒரு நாள் விளக்கு வெளிச்சத்தில் கல் பூத்தது. ஒவ்வொரு துளையிலிருந்தும் சின்னச் சின்ன வாய்கள், சதைப்பூக்கள், விரித்து விரித்து மூடின. அன்றைக்கு அவர் அழுததைப் பார்த்துவிட்டு ஞானசுந்தரி எதுவும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

கல் அடுக்கிய விதத்தை மட்டும் அவளால் சும்மா விட முடியவில்லை. யாரும் கல்லைப் பின்னால் குவிப்பார்கள், முன்னால் மீன் நீந்தும். இவர் இரண்டு ஓரத்திலிருந்தும் கல்லை எழுப்பி மேலே ஒன்றோடொன்று கூட்டி, நடுவில் தாழ்வாக, நீளமாக ஒரு பொந்து விட்டிருந்தார். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். டேப் வைக்காமலே கண்ணால் அளந்துவிடுவாள்.

"ஏனுங்க, இவ்வளவு நீளத்துக்குப் பொந்து எதுக்குங்க?"

"மீன் ஒளியறதுக்கு."

"நாலடி மீனு எங்கீங்க இருக்குது?"

அவர் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். அவளும் அப்புறம் கேட்கவில்லை.

இந்த வருஷம் அவள் வாய் திறந்துவிட்டாள். "எல்லாரும் கல்லறைக்குப் போறாங்க. நான் எங்கீங்க போறது? இந்தத் தொட்டிக்கு முன்னால நின்னு எத்தனை நாளைக்கு மூக்கைச் சிந்தறது? உங்களுக்குக் கடல் கெடைச்சிருச்சு. எனக்கு என்ன கெடைச்சுது?" அவர் சொன்னார்: "கடைசியா ஒருக்கா அங்க போயிட்டு வந்தர்றன் சுந்தரி. கல்லறைத் திருநாளன்னைக்கு மணியடிக்கறதுக்குள்ள வந்துருவன். நாமளும் போலாம்." ஆனால் கிளம்பும்போது வேனில் காலிக் கேன்கள் ஏறியிருந்ததை அவள் பார்த்தாள். மறுபடியும் தண்ணீர் கொண்டுவரத்தான் போகிறாரோ என்ற சந்தேகம் அப்போதிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஃபாதரிடம் சொல்லி ஒரு சின்னக் குழிக்கு இடம் வாங்கியாயிற்று. அதில் வைப்பதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு என்று தைத்த வெள்ளைக் கவுன். கடற்கரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டுப் பார்த்தாள் மேரி. முதுகுக் கொக்கி அவளுக்கு எட்டாது. தலைமுடியை ஒரு கையால் முன்பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, முதுகைக் காட்டிப் பொறுமையாக நிற்பாள். கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு, கழுத்துக் கொக்கி மாட்டியதும் சடக்கென்று திரும்பி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். எந்தக் கவுன் போட்டாலும் அப்படித்தான்.

கல்லறைத் திருநாளான இன்று மத்தியானம் கரடியூரிலிருந்து மாதம்மாள் செவ்வந்திப் பூ கொண்டுவந்தாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் வரமாட்டாள். கூடையை நீட்டிக் கொடுப்பாள்.

"டீச்சரம்மா, உங்க ஊட்டு உப்புத்தண்ணி எறங்கி அந்தக் கமலா ஆரஞ்சு மரம் பட்டுப்போச்சு பாருங்க. மெக்கானிக்குகிட்டச் சொல்லுங்க."

"இன்னையோட அதெல்லாம் முடிஞ்சிரும் மாதம்மா. அவரு ஒத்துக்கிட்டாரு."

"நெசமாலுமுங்களா? நல்லதுங்கம்மா." போகத் திரும்பியவள் நின்றாள். "ஊட்டுக்கு விருந்தாளிப் புள்ளைங்க யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லையே. ஏன்?"

"பின்னால வாரப்ப சன்னல்ல நொம்ப இருமுற சத்தங் கேட்டுச்சுங்க. சின்னப் புள்ள இருமலாட்ட."

"அது குழாய் மாதம்மா. தண்ணி தீந்ததும் காத்தை இழுக்கும். ஏர் லாக்குன்னு அவரு சொல்லுவாரு."

அது நிஜம்தான். ஃபிளஷ் டேங்க் கொட்டி முடித்ததும் குழாய் களக், களக்கென்று காற்றை விழுங்கும், தண்ணீர் புரையேறின பிள்ளை இருமுவது போல. தேவசிகாமணி விளக்கிச் சொல்லியிருந்தார். எத்தனை விளக்கினாலும் அந்தச் சத்தம் வரும்போது ஞானசுந்தரி நெஞ்சை நீவிவிட்டுக்கொள்வாள்.

இப்போது கூடத்தில் மறுபடி அலை விழுந்தது. அதன் பின்னாலேயே இருமல்.

அரிக்கேனைக் கையில் எடுத்தாள். தனியாக இருக்கிற வீட்டில் ஒரு சத்தம் கேட்டால் அதன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நம்மைக் கண்டுபிடித்துவிடும் என்று தோன்றியது அவளுக்கு. டேங்கில் மிச்சம் இருந்த தண்ணீராக இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும். பின்னறைக்குள் போனாள். கட்டில், அதன்மேல் மடித்த கம்பளி, கட்டிலுக்கு அடியில் ஓடும் வெள்ளைக் குழாய். சுவரெல்லாம் உப்புப் பூத்துப் பொரிந்திருந்தது. பரணிலிருந்து ஃபிளஷ் டேங்கின் சங்கிலி தொங்கியது. தானாகக் கொட்டுகிற டேங்குக்குச் சங்கிலி தேவையில்லை. பங்களாவுக்குப் போகும்போதெல்லாம் மேரி அதை இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடிவருவாள் என்பதால் அவர் அதைக் கழற்றாமல் விட்டிருந்தார்.

பரணுக்குச் சாத்தியிருந்த ஏணியில் ஏறினாள். டேங்கின் மூடியை நகர்த்தி உள்ளே கையை விட்டாள். காய்ந்து கிடந்தது. அடியில் கற்கண்டு மாதிரி உப்பு. விரல் நுனிகூட ஈரமாகவில்லை.

கை உள்ளே இருக்கும்போதே கீழே அலை விழுந்தது.

பெரிய அலை. கண்ணாடி அதிர்ந்தது. அவள் ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தபோது, காற்றே இல்லாத அந்த அறையில், சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது.

எப்படி இறங்கினாள் என்று தெரியாது. கூடத்துக்கு வந்து வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். பனியைத் தவிர எதுவும் இல்லை. வேன் சத்தத்துக்குக் காதைத் தீட்டினாள். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறினால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் உறுமல் கேட்கும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கோயில் மணி கேட்டது. நின்று நின்று அடிக்கும் சாவு மணி. ஜனங்கள் மேட்டில் கூடியிருப்பார்கள். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். மேரிக்கு என்று வாங்கிய இடத்துக்கு வரும்போது அங்கே யாரும் நிற்கமாட்டார்கள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஓய்ந்தது.

அவர் வரவில்லை.

ஏமாற்றிவிட்டார் என்று நினைத்ததும் பயம்கூடக் கொஞ்சம் விலகிப்போய், அந்த இடத்தில் பழைய துக்கம் வந்து உட்கார்ந்தது. கதவைச் சாத்தினாள். கல்லறைக்குக் கொண்டுபோகப் பையில் எடுத்து வைத்திருந்த கவுனை எடுத்து மடியில் வைத்து அழுதாள். அழுதுகொண்டே அவள் விரல்கள் வழக்கம்போலக் கீழ்விளிம்பைத் தேடிப் போயின.

புருஷனிடம் அவள் சொல்லாத ஒன்று அங்கே இருந்தது. வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது கீழே மடிப்பு வைத்துத்தான் தைப்பாள் எந்தத் தையல்காரியும். வளர வளரப் பிரித்துவிட்டால் துணி நீளும். இந்தக் கவுனுக்கு மூன்று மடிப்பு வைத்திருந்தாள். பிள்ளை போன பிறகு வந்த முதல் பிறந்தநாளன்று ஒன்றைப் பிரித்தாள். மடிந்தே கிடந்தால் வெள்ளைத் துணியில் பழுப்புக் கோடு விழுந்துவிடும் என்று தனக்குத்தானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டாள். அடுத்த வருஷம் இன்னொன்று. போன செப்டம்பர்ப் பிறந்தநாளில் கடைசி மடிப்பையும் பிரித்து, கைகளையும் கொஞ்சம் இறக்கி, தோளையும் விட்டுக் கொடுத்தாள். தொட்டி கட்டியவரைப் பைத்தியம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, இவள் பதினோரு வயசுப் பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"போதும் கண்ணு," என்றாள் சத்தமாக. "அம்மாவால முடியல. நீ தூங்கு சாமி."

கல்லறை கிடைக்காவிட்டால் போகிறது. அவள் கிடந்த கல், அவள் குடித்த தண்ணீர். இதைவிட வேறு கல்லறை எது? மெழுகுவத்தியைக் கொளுத்தித் தொட்டியின் விளிம்பில் நிறுத்தினாள். முக்காலியில் ஏறினாள். செவ்வந்தியை உதிர்த்துத் தண்ணீரில் விட்டாள். இறந்தவர்களுக்கான செபத்தை முணுமுணுத்துக்கொண்டே, கவுனை இரண்டு கைகளாலும் பிடித்து, தோள்பட்டை நனையக் குனிந்து, அந்தப் பொந்துக்குள் நீட்டிப் படுக்கவைத்தாள். நீளம் சரியாக இருந்தது. மேலே ஒரு தலைக்கும் கீழே இரண்டு பாதங்களுக்கும் இடம் விட்டு, ஒரு விரல்கூட மிச்சமில்லாமல்.

அப்போதுதான் மூளையில் சுருக்கென்றது. இந்தப் பொந்து எட்டு வயசுக்கு விட்டது. நாலடி. கவுன் இப்போது பதினோரு வயசுக்காரிக்கு.

கல் எப்போது நகர்ந்தது?

கையை வெளியே எடுத்தாள். முக்காலியிலிருந்து இறங்கினாள். மெழுகுவத்திச் சுடர் அசையாமல் நின்றது. தண்ணீர் அசையவில்லை. அலை நின்றுபோயிருந்தது. வீடு நிசப்தமாக இருந்தது. அவளுடைய புடவையிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும். சொட். சொட்.

குழாய் இருமியது.

இல்லை. குழாய் பின்னறையில். இது இங்கே.

கண்ணாடிக்கு உள்ளே.

தட்டையாகக் கிடந்த கவுனின் வலது கை மெல்லத் திரண்டது. அப்புறம் இடது கை. மார்பு உப்பியது. துணியில் ஒரு சுருக்கமும் இல்லை, தொங்கலும் இல்லை. கச்சிதம். அவள் தைத்ததிலேயே இவ்வளவு கச்சிதமாக எதுவும் அமைந்ததில்லை. அந்த எண்ணம் அந்த நேரத்திலும் ஞானசுந்தரிக்கு வந்தது. வந்ததற்காக அவள் வெட்கப்பட்டாள்.

மேலே கூடியிருந்த கற்கள் ஓசையில்லாமல் விலக, அது எழுந்து உட்கார்ந்தது.

முகம் தெரியவில்லை. பின்னறைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. கறுப்பாக என்னவோ தோளில் அலைந்தது. ஒரு கை உயர்ந்து, அந்தக் கறுப்பை அள்ளி, முன்பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டது. தலை குனிந்தது.

முதுகு திறந்திருந்தது. கொக்கிகள் போடாமல்.

காத்திருந்தது. பொறுமையாக.

"வேண்டாம்," என்றாள். ஓடிவிடலாம். கதவு நாலு எட்டில் இருக்கிறது. ஆனால் கொக்கி எட்டாமல் முதுகைக் காட்டி நிற்கிற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் ஓடுவாள்? கால்கள் அவளைக் கேட்காமலே முக்காலியில் ஏறின.

தண்ணீர் உறைபனியாகக் குத்தியது. முதல் கொக்கி. துணிக்கு உள்ளே, முதுகு இருக்கவேண்டிய இடத்தில், சொரசொரப்பாக, துளைத்துளையாக. கல். அந்தத் துளைகளில் சின்னச் சின்ன வாய்கள் விரிந்தன. விரல் நுனிகளைத் தடவின. கவ்வவில்லை. பால் குடிக்கிற பிள்ளை தேடுவது போலத் தேடின. அவள் அழுதாள். இரண்டாவது கொக்கி. மூன்றாவது.

வெளியே வெளிச்சம் சுழன்றது. வேன். கதவு சாத்தும் சத்தம். ஓடிவரும் செருப்பு.

"சுந்தரி! மலை ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு புள்ள, அதான் நேரமாயிருச்சு." மூச்சிரைத்தது அவருக்கு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார், உள்ளே வரக் கூச்சப்படுகிறவர் மாதிரி. "தண்ணி கொண்டாரல. எல்லாக் கேனும் அங்கயே போட்டுட்டு வந்துட்டன். சேலத்துல சிலுவை செய்யச் சொல்லி எடுத்தாந்திருக்கறன். பேரு எழுதியிருக்குது, பாரு வந்து. நாளைக்கு இந்தத் தொட்டிய நானே ஒடைச்சுப் போட்டர்றன். நீ சொன்னதுதான் சரி. நாம அவளை விட்டுரலாம் சுந்தரி."

இந்த வார்த்தைக்காகத்தானே மூன்று வருஷம் காத்திருந்தாள். வாய் திறந்தாள். உதடு உப்புக் கரித்தது.

நான்காவது கொக்கி.

கதவு திறந்தது. தேவசிகாமணி வாசலில் நின்றார், வெள்ளை அடித்த சின்னச் சிலுவை அவர் மார்போடு அணைந்திருந்தது. அதே நேரம் கரண்ட் வந்தது. டியூப் லைட் சிமிட்டி, சிமிட்டி, எரிந்தது. வீட்டுக்கு அடியில் மோட்டார் முனகத் தொடங்கியது. பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளைக் கவுன் பளிச்சென்று தெரிந்தது. விளிம்பில் மூன்று மடிப்புகளின் கோடு, ஒன்றன் கீழ் ஒன்றாக, அதற்கும் கீழே முருகை பூத்த இரண்டு பாதங்கள்.

"சுந்தரி, கையை எடு," என்றார் அவர். கெஞ்சினார். "கையை எடு புள்ள."

ஞானசுந்தரியின் விரல்கள் கழுத்துக் கொக்கியைக் கண்டுபிடித்திருந்தன. எத்தனையோ தடவை போட்ட கொக்கி. பார்க்க வேண்டியதே இல்லை.

அது மாட்டிக்கொண்டது.

ஒதுக்கிப் பிடித்திருந்த முடியைக் கை விட்டது. மேரி திரும்பினாள்.